பெட்டி இல்லாத புதையல்

திருத்தணியில் நூற்றிருபது வருடத்துப் பழைய வீடு ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். வீடு இருந்த இடத்திலேயேதான் இருக்கிறது. விலாசம் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கும். முதலில் வட ஆற்காடு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானதும் அதில் சேர்ந்தது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமாகப் பிரிந்தபோது அதனோடு போனது. ம.பொ.சிவஞானம் முதலானோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1ஆம் தேதி இந்தப் பக்கம் வந்து செங்கல்பட்டு மாவட்டமானது. 1997இலிருந்து திருவள்ளூர் மாவட்டம். தபால்காரர் பாடு திண்டாட்டம்தான்!

ஜிபிஎஸ்ஸுக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதன் கணக்கில் திருத்தணி என்றால் வடக்கே சுமார் 13.2 டிகிரி, கிழக்கே சுமார் 79.6 டிகிரி. எந்த மாநிலம், எந்த மாவட்டம் என்று அது கேட்பதில்லை. இன்னொன்று தெரியுமா? அந்த எண்கூட அடியோடு அசையாமல் நிற்பதில்லை. இந்தியா அமர்ந்திருக்கும் பாறைத் தட்டு ஆண்டுக்குச் சுமார் 5 சென்டிமீட்டர் வடகிழக்கே நகர்கிறது. 1960இலிருந்து கூட்டிப் பாருங்கள். மலை, கோயில், படிக்கட்டு, அதில் உட்கார்ந்திருக்கும் குரங்கு எல்லாமே மூன்று மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும்.

இந்த எண்களை வைத்துக்கொண்டு உலகம் முழுக்க ஒரு விளையாட்டு நடக்கிறது. பெயர் ஜியோகேச்சிங். ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயாவது ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்ச, தீர்க்க எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் கைபேசியையோ ஜிபிஎஸ் கருவியையோ எடுத்துக்கொண்டு தேடிப் போவார்கள். டப்பாவுக்குள் ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் இருக்கும். கண்டுபிடித்தவர் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட வேண்டும். உள்ளே பொம்மை, நாணயம், பேட்ஜ் போன்ற சில்லறைச் சாமான்களும் இருக்கலாம். ஒன்றை எடுத்தால், அதே மதிப்பில் இன்னொன்றைப் போட வேண்டும். ஏன் பேனா இல்லாமல் பென்சில்? மழைநீர் கசிந்தால் பேனா மை கரைந்துவிடும், பென்சில் எழுத்து நிற்கும். நம் ஊர் ஐப்பசி மழையைப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

உலகம் முழுக்க இப்படி 30 லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிவிடங்கள் பதிவாகியிருக்கின்றன. இந்தியாவில் இந்த விளையாட்டு இன்னும் அவ்வளவாகப் பரவவில்லை. அதில் ஒரு நன்மை உண்டு. பிற நாடுகள் செய்த தப்புகளை நாம் மறுபடி செய்யத் தேவையில்லை.

ஆரம்பித்த கதை சுவையானது. ஜிபிஎஸ் அமெரிக்க ராணுவம் உருவாக்கியது. பொதுமக்கள் கருவிக்குக் கிடைக்கும் சமிக்ஞையில் வேண்டுமென்றே பிசகைக் கலந்து அனுப்பினார்கள். அதனால் கருவி காட்டும் இடம் 100 மீட்டர் வரை தள்ளிப்போகும். 2000ஆம் ஆண்டு மே 1ஆம் தேதி, அதிபர் பில் கிளின்டன் அந்தக் கலப்படத்தை நிறுத்துவதாக அறிவித்தார். ஒரே இரவில் உலகத்திலிருந்த கருவிகளெல்லாம் பல மடங்கு துல்லியமாகிவிட்டன. மே 3ஆம் தேதியே, ஆரிகன் மாநிலத்தில் டேவ் உல்மர் என்ற கணினித் துறைக்காரர் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்து, எண்ணை இணையத்தில் போட்டார். வாளிக்குள் புத்தகம், மென்பொருள், கொஞ்சம் பணம், கவண், ஒரு டின் பீன்ஸ். சில நாட்களுக்குள் மைக் டீக் என்பவர் அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

இன்றைய விதிப்படி பார்த்தால் அந்த முதல் வாளி இரண்டு தடவை ஃபெயில்! மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. தின்பண்டம் வைக்கக் கூடாது. வைத்தால் எறும்பு வரும், கரடி நாட்டில் கரடி வரும். திருத்தணி மலையில் யார் வருவார் என்று உங்களுக்கே தெரியும். மூடி எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும் குரங்கு திறந்துவிடும்.

சரி, கைபேசிக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்று எப்படித் தெரிகிறது? மின்னல் தெரிந்து எத்தனை விநாடி கழித்து இடி கேட்கிறது என்று எண்ணி, இடி விழுந்த தூரத்தைச் சொல்வோம் அல்லவா? அதே வேலைதான். ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. ஒவ்வொன்றும், “நான் இங்கே இருக்கிறேன், இப்போது மணி இது” என்று ஓயாமல் வானொலி அலையில் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நேர் மேலே இருக்கும் செயற்கைக்கோளின் அலை உங்கள் கைக்கு வர சுமார் 0.067 விநாடி ஆகும். எவ்வளவு தாமதமாக வந்தது என்று தெரிந்தால் எவ்வளவு தூரம் என்று தெரிந்துவிடும். மூன்று செயற்கைக்கோள்களின் தூரம் கிடைத்தால் இடத்தைக் கண்டுபிடித்துவிடலாம். ஆனாலும் நான்கு வேண்டும். காரணம், செயற்கைக்கோளில் இருப்பது அணுக் கடிகாரம், உங்கள் கைபேசியில் இருப்பதோ மலிவுக் கடிகாரம். அதன் பிசகைக் கண்டுபிடித்துக் கழிக்கத்தான் நான்காவது.

அந்தப் பிசகு எவ்வளவு பெரிய விஷயம் என்று பாருங்கள். ஒரு விநாடியைப் பத்து லட்சம் துண்டுகளாக்கி, அதில் ஒரே ஒரு துண்டு தவறினால் 300 மீட்டர் தவறும். ஐன்ஸ்டைன் சொன்ன சார்பியல் கோட்பாட்டின்படி, மேலே இருக்கும் கடிகாரம் கீழே இருப்பதைவிட நாளொன்றுக்கு இப்படிப்பட்ட 38 துண்டு வேகமாக ஓடும். அதைச் சரிசெய்யாமல் விட்டால் தூரக் கணக்கில் தினமும் 11 கிலோமீட்டர் தப்பு சேரும். சரிசெய்து விட்டிருப்பதால்தான் உங்கள் வாடகை ஆட்டோ சரியான தெருவுக்கு வருகிறது.

நமக்கென்று சொந்தமாக ‘நாவிக்’ என்ற ஏற்பாடும் உண்டு. அதன் முதல் செயற்கைக்கோள் 2013 ஜூலை 1ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து போனது. திருத்தணியிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் ஸ்ரீஹரிகோட்டா சுமார் 90 கிலோமீட்டர்தான். அந்த முதல் செயற்கைக்கோளின் அணுக் கடிகாரங்கள் பிற்பாடு பழுதாகிவிட்டன. கடிகாரம் நின்றால் இடம் காட்டும் வேலையும் நின்றது. 2023 மே 29ஆம் தேதி போன என்விஎஸ்-01 என்ற நாவிக் செயற்கைக்கோளில் நம் நாட்டிலேயே செய்த ருபீடியம் அணுக் கடிகாரம் இருக்கிறது.

இதெல்லாம் இல்லாத காலத்தில் என்ன செய்தார்கள்? சென்னை பரங்கிமலைப் பக்கம் 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் என்ற ஆங்கிலேயர் சங்கிலி போட்டு சுமார் 12 கிலோமீட்டர் நீளக் கோடு ஒன்றை அளக்க ஆரம்பித்தார். அதை அடிப்படையாக வைத்து, மலைக்கு மலை முக்கோணம் போட்டு, இந்தியா முழுவதையும் அளக்கும் வேலை தொடங்கியது. கோணம் அளக்கும் அவருடைய தியோடலைட் அரை டன் எடை! காவிரிச் சமவெளியில் மலை கிடையாது. அதனால் கோயில் கோபுரங்கள்மேல் ஏற்றினார்கள். 1808இல் தஞ்சைப் பெரிய கோயிலில் கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதி நசுங்கியது. லாம்டன் கூடாரத்துக்குள் போய் உட்கார்ந்தார். ஆறு வாரம் போராடி, கருவியின் கோணலாகிப்போன அளவு வட்டத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்திவிட்டுத்தான் வெளியே வந்தார். இன்று அந்த வேலையைச் செய்யும் சில்லு உங்கள் நகத்தைவிடச் சிறியது. கோபுரத்தில் ஏற வேண்டியதும் இல்லை.

இப்போது கைபேசியை எடுங்கள். இல்லாதவர்கள் அப்பாவிடமோ அக்காவிடமோ ஐந்து நிமிஷம் கடன் வாங்குங்கள். வரைபடச் செயலியில் நீங்கள் நிற்கும் இடத்தின் எண்ணைப் பாருங்கள். திருத்தணியில் என்றால் 13.17 என்று தொடங்கிப் பல இலக்கம் போகும். தெற்கு வடக்காக ஒரு டிகிரி என்பது சுமார் 111 கிலோமீட்டர். புள்ளிக்குப் பிறகு முதல் இலக்கம் ஒன்று மாறினால் 11 கிலோமீட்டர், திருத்தணியிலிருந்து கிட்டத்தட்ட அரக்கோணம் போய்விடலாம். இரண்டாவது இலக்கம் 1.1 கிலோமீட்டர். மூன்றாவது 110 மீட்டர். நான்காவது 11 மீட்டர். ஐந்தாவதுக்கு வந்தால் ஒரு மீட்டர் சொச்சம், உங்கள் ஒரு பெரிய எட்டு. புதையல் வேட்டைக்காரர்களுக்கு ஐந்தாவது இலக்கம்தான் உயிர். அதற்கு மேல் செயலி காட்டும் எண்களை நம்பாதீர்கள், அவை வெறும் அலங்காரம்.

பள்ளி மைதானத்தின் நடுவில் நின்று எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அசையாமல் நில்லுங்கள். ஒரு நிமிஷம் கழித்து மறுபடி பாருங்கள். நீங்கள் அசையவில்லை, கடைசி இலக்கம் அசைந்திருக்கும். 13.17461 என்று இருந்தது 13.17464 ஆகியிருந்தால், கைபேசி உங்களை மூன்று மீட்டர் வடக்கே தள்ளிவிட்டது என்று அர்த்தம். அடுத்து வேப்பமரத்தடியில் பாருங்கள். பிறகு உயரமான கட்டடச் சுவரை ஒட்டி நின்று பாருங்கள். ஆட்டம் கூடும். அலை நேராக வராமல் சுவரில் பட்டுத் திரும்பி வருவதால், வந்த வழி நீண்டுபோகிறது. கைபேசி அந்தச் சுற்றுவழியையும் நேர்வழி என்றே நம்பிவிடுகிறது. பாறைச் சரிவுக்கு அடியிலும் இதே கதிதான். ஐந்தாறு முறை பார்த்துச் சராசரி எடுத்தால் கொஞ்சம் தேறும்.

விளையாட்டு புரிந்துவிட்டது. இனி, எங்கே விளையாடுவது? இங்கேதான் பெரியவர்களுக்கே தலைவலி வந்தது. அமெரிக்காவில் விளையாட்டு பரவியதும், தேசியப் பூங்காக்களை நிர்வகிக்கும் துறை பெட்டி வைக்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டது. விளையாடுபவர்களுக்குக் கோபம். ஆனால் துறை சொன்னதில் நியாயம் இருந்தது. பூங்காவில் யாரோ வைத்துவிட்டுப் போகும் பெட்டி, சட்டப்படி கேட்பாரற்ற பொருள். தேடுபவர்கள் பாதையில் நடப்பதில்லை. எண் காட்டும் திசையில் குறுக்கே நடப்பார்கள். ஒருவர் நடந்தால் ஒன்றும் ஆகாது. ஐம்பது பேர் அதே குறுக்கு வழியில் நடந்தால் செடி செத்து, அங்கே புதிதாக ஓர் ஒற்றையடிப் பாதை விழுந்துவிடும். அடுத்த மழையில் மண் அந்தப் பாதை வழியாக அரித்துக்கொண்டு போகும்.

விளையாடுபவர்களும் சும்மா இருக்கவில்லை. தேடப் போகும்போது வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கி வருவதைப் பழக்கமாக்கினார்கள். ஒரு பெட்டிக்கும் அடுத்ததற்கும் 161 மீட்டராவது இடைவெளி வேண்டும், நிலத்தின் சொந்தக்காரர் சம்மதம் வேண்டும் என்று விதி செய்துகொண்டார்கள். கடைசியில் 2009இல் அந்தத் துறை கொஞ்சம் இறங்கி வந்தது. ஒவ்வொரு பூங்காவின் தலைமை அதிகாரியும் பார்த்து முடிவெடுக்கலாம் என்றது. மினசோட்டா மாநிலம் இன்னும் ஒரு படி மேலே போனது. மாநிலப் பூங்காக்களில் அரசே பெட்டி வைத்தது. அந்த ஊர் விலங்குகளின் படமும் விவரமும் அச்சிட்ட அட்டைகளைப் பெட்டியில் போட்டு, பிள்ளைகளைச் சேகரிக்கச் சொன்னது. தடுப்பதைவிடத் தானே நடத்துவது மேல் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. என்னைக் கேட்டால் நல்ல முடிவு.

எல்லா இடத்திலும் இப்படிச் சுமுகமாக முடியவில்லை. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி என்ற சின்ன ஊரில், காபிக் கடை வாசலில் இருந்த பூந்தொட்டிக்கு அடியில் ஒருவர் எதையோ செருகிவிட்டுப் போனார். பார்த்தவர் போலீஸுக்குச் சொல்லிவிட்டார். தெருவை அடைத்தார்கள். வெடிகுண்டு நிபுணர்கள் வந்து அதை வெடிக்கச் செய்தார்கள். உள்ளே இருந்தது குண்டு இல்லை, புதையல் நோட்டு! ஊருக்கு நடுவில் வைப்பதானால் ஒளி ஊடுருவும் டப்பாவாக இருக்கட்டும், மேலே இன்னது என்று எழுதி ஒட்டியிருக்கட்டும் என்ற அறிவுரை அதற்குப் பிறகு பலமானது.

திருத்தணி ரயில் நிலையத்தில் நின்றிருக்கிறீர்களா? கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள், உடனே தகவல் சொல்லுங்கள் என்ற அறிவிப்பை எந்த ரயில் நிலையத்திலும் கேட்கலாம். அந்த அறிவிப்பையும் இந்த விளையாட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று, தெரியாத பெட்டியைத் தொடாதே என்கிறது. மற்றொன்று, தேடிப் போய்த் திற என்கிறது. ஆடிக் கிருத்திகைக்கு லட்சக்கணக்கில் காவடியும் கூட்டமும் மலை ஏறும் ஊரில், எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதில் சந்தேகமே இல்லை. படிக்கட்டு ஓரத்திலோ சரவணப் பொய்கைக் கரையிலோ மூடிய டப்பாவை ஒளித்து வைப்பது விளையாட்டே இல்லை. போலீஸுக்கு வேலை, பக்தர்களுக்குப் பீதி, உங்கள் வீட்டுக்கு வசவு.

இன்னொரு காரணமும் இருக்கிறது. திருத்தணிக்குக் கிழக்கே சுமார் 30 கிலோமீட்டரில், பூண்டிக்கு அருகே அத்திரம்பாக்கம் என்ற ஊர். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபுட் என்ற நிலவியலாளரும் அவருடைய தோழர் வில்லியம் கிங்கும் அங்கே ஆதிமனிதர்களின் கல் கருவிகளைக் கண்டார்கள். பின்னாளில் சாந்தி பப்பு தலைமையிலான குழு பல ஆண்டுகள் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த மிகப் பழைய கைக்கோடாரிகளுக்கு வயது சுமார் 15 லட்சம் ஆண்டு. மேல் அடுக்கில் கிடைத்த, வேறு பாணியில் செதுக்கிய கருவிகள் சுமார் 3,85,000 ஆண்டு பழையவை என்று 2018இல் அறிவித்தார்கள். இந்த வயதெல்லாம் எப்படித் தெரிந்தது? எந்தக் கல் எந்த மண் அடுக்கில் இருந்தது என்பதை வைத்துத்தான். பெட்டி ஒளிப்பவர்கள் வழக்கமாக என்ன செய்வார்கள்? பக்கத்தில் கிடக்கும் நாலு கல்லை எடுத்து மேலே மூடுவார்கள். இந்த வட்டாரத்தில் அந்த நாலு கல்லில் ஒன்று யாரோ லட்சம் ஆண்டுக்கு முன் செதுக்கியதாக இருக்கக்கூடும். இடம் மாறிய கல் ஊமையாகிவிடும். அதற்கப்புறம் எந்த ஆய்வாளராலும் அதைப் பேச வைக்க முடியாது.

பெட்டி இல்லாமலே விளையாடலாம் என்று ஒரு வழி இருக்கிறது. 2004இல் அமெரிக்க நிலவியல் சங்கத்தின் முயற்சியில் வந்த ‘எர்த்கேச்’ வகை அது. எண் மட்டும் கொடுப்பார்கள், கூடவே இரண்டு மூன்று கேள்வி. அந்த இடத்துக்குப் போய்ப் பாறையையோ மண்ணையோ நீரையோ உற்றுப் பார்த்தால்தான் விடை சொல்ல முடியும். எடுக்கவும் ஒன்றுமில்லை, வைக்கவும் ஒன்றுமில்லை. பெட்டிக்கு இடம் தராத பூங்காக்கள்கூட இதற்கு முகம் சுளிப்பதில்லை. திருத்தணிக்கு ஏற்றது இதுதான்.

ஒன்று நானே போட்டுத் தருகிறேன். மலையடிவாரத்தில் கைபேசி காட்டும் உயரத்தைக் குறியுங்கள். மேலே போய், கோயிலுக்கு வெளியே நின்று மறுபடி குறியுங்கள். உள்ளே கொண்டுபோகக் கூடாது. தமிழகக் கோயில்களுக்குள் கைபேசிக்குத் தடை விதிக்கும்படி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. இரண்டு உயரத்துக்கும் வித்தியாசம் எவ்வளவு? அடுத்து, ஸ்கேலால் பத்துப் படிகளின் உயரத்தை அளந்து சராசரி எடுத்து, மலைப்படிகளின் எண்ணிக்கையான 365ஆல் பெருக்குங்கள். ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே சாய்வான தளம் வந்தால் அதையும் மறக்காதீர்கள். இரண்டு விடையும் ஒத்துப்போகாது! ஜிபிஎஸ் பக்கவாட்டில் காட்டும் துல்லியத்தை உயரத்தில் காட்டாது. பக்கவாட்டில் எல்லாத் திசையிலும் செயற்கைக்கோள் உண்டு. மேலும் கீழும் என்று வரும்போது, கீழே உள்ளவற்றைப் பூமியே மறைத்துவிடுகிறது. எது சரியான விடை என்பதை நீங்களே வாதாடி முடிவு செய்யுங்கள். படி அளக்கும்போது ஓரமாக உட்காருங்கள், ஏறுபவர்களுக்கு வழி விடுங்கள், பெரியவர் ஒருவரைத் துணைக்குக் கூட்டிப்போங்கள்.

பெட்டி வைத்தே தீர வேண்டும் என்பவர்கள் பள்ளி வளாகத்தில் தொடங்குங்கள். தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நகராட்சிப் பூங்கா என்றால் நகராட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேளுங்கள். காப்புக்காடு என்றால் வனத்துறையின் அனுமதி இல்லாமல் உள்ளேயே போகக் கூடாது, பெட்டிப் பேச்சுக்கே இடமில்லை. அலுவலகத்தில் ‘ஜியோகேச்சிங்’ என்றால் யாருக்கும் புரியாமல் போகலாம். டப்பாவைத் திறந்து நோட்டையும் பென்சிலையும் காட்டிவிட்டுக் கேளுங்கள், முக்கால்வாசி வேலை முடிந்தது.

உங்கள் ஊருக்கும் பெட்டி இல்லாத புதையல் ஒன்றைத் தயாரித்து எங்களுக்கு அனுப்புங்கள். ஐந்து இலக்கம் வரை எண், நேரில் போனால் மட்டுமே விடை கிடைக்கும் கேள்விகள் இரண்டு, உங்கள் பெயர், வகுப்பு. நல்லவற்றை இதழில் போடுகிறோம். திருத்தணிக்காரர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள்: மலைக்குப் படி எத்தனை என்று கேட்டு அனுப்பாதீர்கள். வருஷத்துக்கு எத்தனை நாள் என்று தெரிந்தவர்கள் வீட்டிலிருந்தே விடை எழுதிவிடுவார்கள்.